பன்னிரண்டடி மின்சாரம்

தெக்கேவிளாகம் லேனில் கரண்டு இல்லாத கட்டடம் ஒன்றுதான் இருந்தது. அது பூதலிங்கம் பிள்ளையின் கார் ஷெட்.

அதை அவர் ஒரு குறையாக எண்ணியதே இல்லை. சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த அவருடைய அப்பா, முதல் அம்பாசடரை வாங்கியபோது, பெட்ரோல் நாற்றமடிக்கிற ஒரு சாமான் சாமி அறை இருக்கிற காம்பவுண்டுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தார். லேனுக்கு எதிர்ப்பக்கம் தனியாக இடம் வாங்கி, ஓடு வேய்ந்து, தேக்குக் கதவு போட்டு, காருக்கென்று ஒரு வீடே கட்டினார். காரையும் மனிதரையும் ஒரே காம்பவுண்டில் வைத்திருப்பவர்களைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை ஓர் அபிப்பிராயம் உண்டு. அம்பாசடர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஷெட்டுக்குள் இப்போது சில பழைய டயர்களும் குடும்ப கௌரவமும் மட்டும் இருந்தன.

புரட்டாசி பாதியில் நாகர்கோவில் வடசேரியிலிருந்து சம்பந்தி போன் செய்தார்.

"தலைதீபாவளிக்குப் பயலும் மருமவளும் கொச்சியிலேருந்து நேரே அங்கதான் வாறாங்க. தீபாவளி அன்னிக்குச் சாயங்காலம் இங்க கிளம்பி வந்திரணும், இங்கயும் சொந்தக்காரங்க காத்திருப்பாங்க. பய இப்பம் கரண்டு காரு வாங்கிருக்கான் பாத்துக்கிடுங்க. அங்க சார்ஜ் ஏத்த சௌரியம் உண்டும்லா?"

"காருக்குத் தனி ஷெட்டே இருக்கு" என்றார் பூதலிங்கம் பிள்ளை.

"ஷெட்டு இருக்கது தெரியும். கரண்டு உண்டுமா?"

"உண்டு."

ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி அவர். பில் இல்லாமல் ஒரு தொகையை எழுதிய எத்தனையோ பேரை மேஜைக்கு முன்னால் நிற்க வைத்தவர். அப்படிப்பட்டவர், சம்பந்தி என்ற ஒரே காரணத்துக்காக, இல்லாத கரண்டை உண்டு என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் மனைவியைப் பார்த்தார்.

பகவதியம்மாள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். "எதுக்கு அப்படிச் சொன்னிய?"

"பின்னே, எங்க வீட்டு மாப்பிள்ளை ரோட்டோரத்துல வரிசையில நின்னு கரண்டு வாங்கணுமா?"

"ஷெட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடம்மாள் வீடு. அவ மாவு கிரைண்டருக்குப் பெரிய பிளக்கு வச்சிருக்கா. ஜன்னல் வழியா ஒரு வயரைக் கேட்டா தந்திருவா."

பூதலிங்கம் பிள்ளை முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். அது அவருடைய வழக்கம். பதில் இல்லாத இடங்களிலெல்லாம் முதுகு நிமிரும். "எங்க அப்பா தேக்குக் கதவு போட்ட ஷெட்டுல, மாவரைக்கிற கரண்டுல கார் நிக்குமா?"

மறுநாள் எலக்ட்ரீசியன் ஜெபசிங் வந்தார். பார்த்தார், காலால் அளந்தார், விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். வீட்டு மெயின் போர்டில் தனியாக ஒரு பிரேக்கர். அங்கிருந்து பூமிக்கடியில் பைப்புக்குள் கனமான கேபிள். ஷெட்டில் ஒரு சின்ன போர்டு, ஷாக் அடித்தால் தானே விழுகிற சுவிட்சு, தனியாக ஒரு எர்த் குழி.

"ஒரு பகல் வேலை சார். நடுவுல ஒரு டீ."

"குழி எங்கே வெட்டணும்?"

"லேனுக்குக் குறுக்கேதான். பன்னிரண்டடி. இந்த இன்டர்லாக் கட்டையைக் கொஞ்சம் பெயர்த்து எடுத்துட்டுத் திரும்ப வச்சிரலாம்."

பூதலிங்கம் பிள்ளையின் கை தானாகத் தூணைப் பிடித்தது.

ஏனென்றால் லேனில் அந்தச் சிவப்பும் சாம்பலுமான இன்டர்லாக் கட்டைகளைப் பதித்தவர் அவர்தான். தெக்கேவிளாகம் லேன் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனின் ஸ்தாபகத் தலைவர் அவர். ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் அசோசியேஷன் எண்ணைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டவர் அவர். சட்டதிட்டங்கள் முழுவதையும் கைப்பட எழுதியவரும் அவர். 'லேனின் இன்டர்லாக் கட்டை எதையும் எந்த உறுப்பினரும் எக்காரணம் கொண்டும் பெயர்க்கலாகாது. பெயர்த்தே தீரவேண்டுமாயின் செயற்குழு, துணைக்குழு, ஸ்தலப் பரிசோதனை என்ற வரிசையில் அனுமதி பெறுதல் வேண்டும்' என்ற விதியை எழுதிய அன்று, 'பெயர்த்தே தீரவேண்டுமாயின்' என்ற சொற்றொடரின் அழகுக்காகப் பகவதியம்மாளிடம் இரண்டு தரம் வாசித்தும் காட்டியிருந்தார்.

அந்த விதியில் முதலில் அடிபட்டது மாடம்மாள். அவள் தோசை மாவு அரைத்து விற்கிறவள். குடிதண்ணீர்க் குழாய் லேனில் பூதலிங்கம் பிள்ளையின் வீட்டுப் பக்கமாக ஓடுகிறது. அவளுடைய வீடோ எதிர்ப்பக்கம். லேனுக்கடியில் ஒரு பைப்பு போட அனுமதி கேட்டாள். அப்போது தலைவராக இருந்த பூதலிங்கம் பிள்ளை எழுந்து, "இன்று ஒரு குழாய்க்காகப் பெயரும் கட்டை, நாளை இந்த லேனின் மானத்தைப் பெயர்க்கும்" என்று பேசினார். கைதட்டல் கிடைத்தது. அன்றிலிருந்து மாடம்மாள் காலையில் ஒரு பச்சை ஹோஸை லேனுக்குக் குறுக்கே விரித்துத் தண்ணீர் பிடித்துவிட்டு, வண்டிகள் வருமுன் சுருட்டி வைக்கிறாள். வண்டி ஏறிக் கிழிந்த இடங்களில் சைக்கிள் ட்யூபைக் கட்டியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஹோஸ் அடிபட்டுக் கட்டுப் போட்ட பாம்பு போலக் கிடக்கும். பூதலிங்கம் பிள்ளை தூரத்திலிருந்துதான் பார்ப்பார்.

இப்போதைய செயலாளர் ஹரிகுமார் மனுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மலையாளி, நல்ல மனிதர். எதையும் மறுக்கமாட்டார். எதையும் செய்யவும் மாட்டார்.

"சாரே, நான் எந்து செய்யும்? சார் தன்னே எழுதின சட்டமல்லே. இதுல ஒரு புள்ளியை மாத்தினா சாரோட மரியாதைக்கல்லே குறைவு."

"அப்படின்னா மேலே வழியா வயரை இழுத்துக்கலாமா?"

ஹரிகுமாரின் முகம் வருத்தத்தால் மலர்ந்தது. "அதும் சார் எழுதியிருக்கு. உத்சவத்துக்கு யானை வரும்போ, யானை மேலே குடை, குடை மேலே முத்து. அதுக்கு மேலே ஒண்ணும் தொங்கக்கூடா. பின்னே, மேலேன்னா ஆகாயத் துணைக்குழு. கீழேன்னா நிலத்தடித் துணைக்குழு. சாரோட கரண்டு சுவருலேருந்து கீழே இறங்கி, பூமிக்குள்ள போயி, திரும்ப மேலே ஏறுமல்லே? அப்போ ரெண்டு குழுவும் வேணும்."

"ஏறுறது என் ஷெட்டுக்குள்ளதானே?"

"ஷெட்டுக்குள்ளயும் ஆகாயம் உண்டல்லோ சாரே."

செயற்குழு ஞாயிற்றுக்கிழமை கூடியது. ஆதிரா என்ற பள்ளிக்கூடப் பெண் இறைவணக்கம் பாடினாள். மறைந்தவர்களுக்காக மௌனம். மறைந்தவர்கள் யாரும் அந்த மாதம் இல்லாததால் பொதுவாக மௌனம். வரவேற்புரை. வரவேற்றவருக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு இன்னொரு பொன்னாடை. பிறகு தலைவர் சிபி சார் எழுந்தார். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாவது நிமிஷத்தில்தான் அவருடைய பேச்சில் எழுவாய் வரும்.

"இந்த அசோசியேஷன் வந்ததுக்கு அப்புறம் இந்த லேன்ல என்ன மாற்றம் வந்ததுன்னு சிலர் கேட்கறாங்க" என்றார் சிபி சார். "நான் பெருமையோட சொல்றேன். ஒரு மாற்றமும் வரலை. வர விடலை. எத்தனையோ பேர் எத்தனையோ காரியம் செய்யணும்னு வந்தாங்க. அத்தனை பேரையும் பொறுமையா உட்கார வச்சுக் கேட்டோம். இன்னும் கேட்டுக்கிட்டிருக்கோம்."

பூதலிங்கம் பிள்ளையும் கைதட்டினார். பழக்கம்.

அவருடைய மனு ஏழாவது விஷயம். ஆறாவது விஷயத்தின் நடுவில் பரிப்புவடை வந்தது. பரிப்புவடை ஆறுவதற்குள் இணைச் செயலாளர், தமக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போகவேண்டியிருப்பதால், எழுந்து நன்றியுரையைச் சொல்லிவிட்டார்.

பூதலிங்கம் பிள்ளை எழுந்தார். "என்னுடைய மனு..."

சிபி சார் கண்ணாடியைக் கழற்றினார். "நன்றியுரைக்குப் பிறகு கூட்டத்தில் எந்த உறுப்பினரும் பேசலாகாது. ஸ்தாபகத் தலைவர் வகுத்த விதி. அதைக் காப்பாத்தத்தான் நாங்க இங்க இருக்கோம்."

மண்டபச் சுவரிலிருந்து ஸ்தாபகத் தலைவரின் போட்டோ, மாலையில்லாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு அவரைப் பார்த்தது. அவர் உட்கார்ந்தார். வடை நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் மனு நான்காவது விஷயமாக முன்னேறி, ஸ்தலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. இரண்டு துணைக்குழுக்களும் நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தன. பகவதியம்மாள் எல்லோருக்கும் இட்லியும் சாம்பாரும் பரிமாறினாள். மாவு மாடம்மாளிடம் வாங்கியது. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாப்பிட்டதும் லேனை அளந்தார்கள். நிலத்தடிக் குழுவின் டேப்பில் பன்னிரண்டடி வந்தது, ஆகாயக் குழுவின் டேப்பில் பன்னிரண்டடி இரண்டங்குலம். ஆகாயத்தில் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று சமாதானம் ஆனது.

"ஒரு சந்தேகம்" என்றார் நிலத்தடிக் குழுவின் கன்வீனர் வன்னியராஜ், பல் குத்திக்கொண்டே. "கரண்டு உங்க வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் அது உங்க சொந்த விஷயம். ஷெட்டுக்குள்ள போயிட்டாலும் உங்க விஷயம். நடுவுல லேனுக்கடியில ஓடுதே, அந்தப் பன்னிரண்டடிக்கு அது யாருடைய கரண்டு?"

"என் மீட்டர்ல ஓடற கரண்டு."

"மீட்டர் சரி. மரியாதை? மேலே சிபி சார் நடந்து போறப்ப, அவர் காலுக்குக் கீழே உங்க கரண்டு போகலாமா?"

"அவர் நடக்கறப்ப நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றார் பூதலிங்கம் பிள்ளை. கிண்டலாகத்தான் சொன்னார். அவர்கள் அதை நிபந்தனையாக எழுதிக்கொண்டார்கள்.

இதற்குள் ஐப்பசி பிறந்து, பட்டாசு விளம்பரங்கள் வரத் தொடங்கியிருந்தன. சம்பந்தி மறுபடியும் போன் செய்தார். "ஷெட்டு போர்டு எத்தனை ஆம்ஸுன்னு பய கேக்கான்." "வேண்டிய ஆம்ஸ்" என்றார் பூதலிங்கம் பிள்ளை.

அனுமதி கிடைத்தது. கிடைத்ததும்தான் ஆபத்து புரிந்தது. ஒரு தனி வீட்டுக்காக லேனைப் பெயர்த்தால் அது தவறான முன்மாதிரி ஆகிவிடும் என்பதால், வேலையை அசோசியேஷன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டார்கள். 'தெக்கேவிளாகம் ஊர்ஜப் பெருவழி', அதாவது மின்சக்தி நெடுஞ்சாலை, என்று பெயர் வைத்தார்கள். திட்டம் என்றால் உத்காடனம் வேண்டும். திறந்து வைக்காமல் இந்த ஊரில் ஒரு கொட்டாங்கச்சியைக்கூடத் திறக்கமாட்டார்கள். விசேஷ விருந்தாளியாக டிவி சீரியலில் மாமனார் வேஷம் போடுகிற நடிகர் ஒருவர் கிடைத்தார். அவருடைய பாத்திரம் போன மாதம்தான் சீரியலில் இறந்துபோயிருந்ததால் தேதி கிடைத்தது. தேதி, தீபாவளி அன்று மாலை நான்கு மணி.

ஜெபசிங் குழி வெட்டி, பைப்பு பதித்து, கேபிளை இழுத்து, எர்த் போட்டு, எல்லாவற்றையும் ஒரு பகலில் முடித்தார். நடுவில் ஒரு டீ. ஆனால் குழியை மூடவில்லை. கடைசிக் கட்டையை விருந்தாளிதான் வைக்கவேண்டும். ஷெட்டு சுவிட்சைப் போடவும் இல்லை. அதன் மேல் ஹரிகுமார் சிவப்பு ரிப்பனைக் கட்டி, ஒரு பூவும் செருகிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் திவ்யலட்சுமியும் மாப்பிள்ளை அபிலாஷும் வந்தார்கள். கார் சத்தமே இல்லாமல் வந்து ஷெட்டுக்குள் நின்றது பூதலிங்கம் பிள்ளைக்குப் பிடித்திருந்தது. கௌரவமான வண்டி என்று நினைத்தார்.

"மாமா, ஒன்பது சதவீதம்தான் இருக்கு. போட்டுரலாமா?"

"நாளைக்கு நாலு மணிக்கு" என்றார் பூதலிங்கம் பிள்ளை.

அபிலாஷ் ரிப்பனைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்கு நாகர்கோவில் கிளம்பணுமே மாமா. ஒரு மணி நேரத்துல என்ன ஏறும்?"

"அப்பா, அந்த ரிப்பனைக் கொஞ்சம் தள்ளிட்டு..." என்றாள் திவ்யலட்சுமி.

"கட்டினது செயலாளர். அவிழ்க்க வேண்டியது விருந்தாளி. நடுவுல நான் யாரு?"

சொல்லிவிட்டு வந்து படுத்தவருக்குக் கண் மூடவில்லை. நாளை மாலை வடசேரியில் சொந்தபந்தங்கள் காத்திருக்கும். மாப்பிள்ளை டாக்சியில் போய் இறங்குவான். 'கரண்டு உண்டுன்னாரே உங்க மாமனார்' என்று யாராவது கேட்பார்கள். யாராவது என்ன, எல்லோரும் கேட்பார்கள்.

தீபாவளி அன்று லேனில் பந்தல், மைக்கு, நாற்காலிகள். குழியின் ஓரம் நெடுக மாவிலைத் தோரணம். விழாவுக்கு இடைஞ்சல் என்று மாடம்மாளின் பச்சை ஹோஸைச் சுருட்டி அவள் வீட்டு மதில் மேல் தூக்கிப் போட்டிருந்தார்கள். அவள் கடைசி வரிசையில், புதுச்சேலையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விருந்தாளி ஐந்தரைக்கு வந்தார். கரண்டைத் தொடங்கிவைப்பதற்காக முதலில் ஐந்து திரி போட்டு எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். டேபிள் ஃபேன் அதை அணைத்தது. ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றினார்கள்.

"நான் மாமனாராக நடித்துத்தான் புகழ் பெற்றேன்" என்றார் விருந்தாளி. "ஒரு மாமனாருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. வசனம் இல்லாத இடத்தில் எப்படி நிற்பது என்பது." எல்லோரும் பூதலிங்கம் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து நின்றார்.

ரிப்பன் அவிழ்ந்தது. விருந்தாளி சுவிட்சைப் போட்டார். அப்பாவின் ஓட்டுக்கூரைக்குக் கீழே முதல் தடவையாக ஒரு பல்பு எரிந்தது. பூதலிங்கம் பிள்ளை அண்ணாந்து அதையே பார்த்தார். விருந்தாளி சார்ஜரை எடுத்து, தப்பான பக்கமாகத் திருப்பி, பிறகு சரியாகத் திருப்பிக் காரில் செருகினார். கண்ணாடித் திரையில் எண் தெரிந்தது.

நூறு.

"நூறு சதவீதம்" என்று மைக்கில் அலறினார் ஹரிகுமார். "செருகின உடனே நூறு. இந்தியாவிலே வேற எந்த ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு இது சாதிச்சிட்டுண்டு?"

கைதட்டல் லேனை அதிர வைத்தது. சிபி சார் எழுந்து, இதெல்லாம் முறையான துணைக்குழுக்கள் இருப்பதால் வருகிற வேகம் என்றார். பூதலிங்கம் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதற்குள்ளிருந்து மனைவியைத் தேடினார். பகவதியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நழுவாத முந்தானை அது.

"மாமா" என்று காதருகே வந்தான் அபிலாஷ். "நேத்து ராத்திரி அத்தைதான் ஏற்பாடு செஞ்சாங்க. மாடம்மாக்கா ஜன்னல் வழியா வயர் குடுத்தாங்க. தீபாவளிக்கு மாவு கேட்டு வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, கிரைண்டரை நிறுத்தித் தந்தாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

"யாரு, உங்க அத்தையா?"

"மாடம்மாக்கா. 'அண்ணாச்சிக்குக் கௌரவம் போயிரும், அவுகளுக்குத் தெரியாண்டாம்'னு சொன்னாங்க."

நன்றியுரை தொடங்கி முடிந்தது. இனி பேச்சில்லை. விருந்தாளி கடைசிக் கட்டையை வைக்கவேண்டியதுதான் பாக்கி. சிபி சார் வெள்ளித்தட்டில் ஓர் இன்டர்லாக் கட்டையை ஏந்தி நின்றார். பூதலிங்கம் பிள்ளை மதில் மேல் கிடந்த பச்சை ஹோஸைப் பார்த்தார். இன்றுதான் பக்கத்திலிருந்து பார்க்கிறார். ட்யூப் கட்டுகள் அவர் நினைத்ததைவிட அதிகமாக இருந்தன.

"நில்லுங்க" என்றார்.

சிபி சார் தட்டோடு திரும்பினார். "சார், நன்றியுரை முடிஞ்சாச்சு. விதி..."

"நான் கூட்டத்துல பேசலை. எலக்ட்ரீசியன்கிட்ட பேசறேன். ஜெபசிங், இந்தக் குழியில ஒரு தண்ணிக் குழாயும் போகுமா?"

ஜெபசிங் குழியை எட்டிப் பார்த்தார். "கேபிளும் குழாயும் ஒட்டிக் கிடக்கப்படாது சார். இந்தப் பக்கம் ஒரு அடி சேர்த்து வெட்டணும். இன்னும் கொஞ்சம் கட்டை பெயரும்."

பூதலிங்கம் பிள்ளை பொன்னாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார்.

"பெயரட்டும்" என்றார். "மாடம்மா, பைப்பு வாங்கணுமே?"

"வாங்காண்டாம் அண்ணாச்சி" என்றாள் கடைசி வரிசையிலிருந்து. "அன்னைக்கு வாங்கினது கூரைக்கடியில சொருகித்தான் கிடக்கு. பேச்சு முடிஞ்சா போட்டுக்கிடலாம்னு இருந்தேன்."

விருந்தாளி மட்டும் இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்.

கார் கிளம்பியதும் வடசேரியிலிருந்து போன் வந்தது. "செருகின உடனே நூறு ஏறிச்சாமே. அப்படி என்ன கரண்டு சம்பந்தி அது?"

பூதலிங்கம் பிள்ளையின் முதுகு நிமிரப் பார்த்தது. அவர் அதை விடவில்லை. "மாவு கிரைண்டர் பிளக்குல ஏறின கரண்டு சம்பந்தி. பக்கத்து வீட்டுல வாங்கினது."

அனுமதியின்றி லேனுக்கடியில் குழாய் பதிக்கப்பட்டதை விசாரிக்க அசோசியேஷன் ஒரு விசாரணைக்குழுவை அமைத்தது. சட்டதிட்டம் முழுவதும் தெரிந்தவர் ஒருவர்தான் என்பதால், பூதலிங்கம் பிள்ளையையே ஏகமனதாகக் கன்வீனர் ஆக்கினார்கள். அவர் மறுக்கவில்லை. முதல் கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்தார். ஆதிரா இறைவணக்கம் பாடி முடித்ததும், முதுகை நிமிர்த்தி எழுந்து நின்று, வந்திருந்த அனைவருக்கும் நன்றியுரை சொன்னார்.